கெல்லி பார்ன்ஸ் அணை

கெல்லி பார்ன்ஸ் அணை என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் கவுண்டியில் உள்ள டொக்கோவா நகருக்கு அருகே இருந்த ஒரு சிறிய மண் அணை ஆகும். முதலில் நீர்மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்ட இவ்வணை, 1957 ஆம் ஆண்டிற்குப் பின்னர் பொழுதுபோக்கிற்கான ஏரியைத் தாங்கும் அணையாக மட்டுமே இருந்து வந்தது. 1977 நவம்பர் 6 ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 1:30 மணியளவில் இது உடைந்தது. அணைக்குக் கீழே இருந்த டொக்கோவா ஃபால்ஸ் கல்லூரி வளாகத்தை வெள்ளம் தாக்கியதில் 39 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 20 பேர் சிறுவர்கள்.

அமெரிக்காவில் தனியாருக்குச் சொந்தமான சிறு அணைகளை அரசு கண்காணிக்க வேண்டும் என்ற கொள்கை நடைமுறைக்கு வருவதற்கு இந்த விபத்தே உடனடிக் காரணமாக அமைந்தது. ஓர் அணையினால் ஏற்படக்கூடிய தீங்கு அதன் அளவையோ பயன்பாட்டையோ மட்டும் பொறுத்ததன்று, அதன் கீழே யார் வசிக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது என்பதற்கு எடுத்துக்காட்டாக இவ்வணை அணைப் பாதுகாப்பு நூல்களில் குறிப்பிடப்படுகிறது.

அமைவிடம்

இவ்வணை டொக்கோவா ஓடையின் குறுக்கே அமைந்திருந்தது. அணைக்குக் கீழே இந்த ஓடை 186 அடி (57 மீட்டர்) உயரமுள்ள டொக்கோவா அருவியாக விழுகின்றது. அருவியின் அடிவாரத்திலிருந்து தொடங்கும் குறுகிய பள்ளத்தாக்கில் கல்லூரி வளாகம் உள்ளது. இது ஒரு தனியார் கிறித்தவக் கல்லூரி ஆகும். விபத்து நடந்த காலத்தில் மாணவர் விடுதிகளும், ஆசிரியர்களும் குடும்பத்துடன் வாழ்ந்த மாணவர்களும் குடியிருந்த வீடுகளும் ஓடையின் கரைகளில் இருந்தன. இவற்றுள் பல, டிரெய்லர் வீடுகள் எனப்படும் இழுத்துச் செல்லத்தக்க வீடுகள் ஆகும். இத்தகைய வீடுகள் ஆழமான அடித்தளம் இல்லாதவை. எனவே வேகமாக ஓடும் நீர் இவற்றை எளிதில் இடம் பெயர்த்துவிடும்.

வரலாறு

1899 ஆம் ஆண்டில் இவ்விடத்தில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றிற்காக, மரச்சட்டங்களுக்குள் கற்களை நிரப்பி அமைக்கும் முறையில் ஓர் அணை கட்டப்பட்டது. 1937 ஆம் ஆண்டில், கல்லூரி தனது மின்தேவையை நிறைவு செய்துகொள்ளும் பொருட்டு, பழைய கல் அணையை உள்ளடக்கி அதன்மேல் மண் அணை ஒன்றை எழுப்பும் பணியைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மண் கரை மேலும் உயர்த்தப்பட்டது. ஆகவே இது ஒரே வடிவமைப்பின்படி ஒரே காலத்தில் கட்டப்பட்ட அணை அன்று. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைகளுக்காக ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்த அணை ஆகும்.

1957 ஆம் ஆண்டில் மின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் அணையினால் தேங்கிய ஏரி பொழுதுபோக்கிற்கு மட்டுமே பயன்பட்டது. மின் உற்பத்தி நடைபெறும் அணையில், குழாய்களையும் விசையாழியையும் இயக்குவதற்காகவேனும் பணியாளர்கள் நாள்தோறும் சென்று வருவர். நீர் மட்டத்தில் ஏற்படும் மாற்றமும் கரையில் தோன்றும் ஈரமும் அவர்கள் கண்ணில் படும். உற்பத்தி நின்றபின் அவ்வாறு செல்வதற்கான தேவையும், பராமரிப்பிற்கான வருமானமும் இல்லாமல் போகின்றன. நீரும் நீரின் அழுத்தமும் மட்டும் முன்போலவே இருக்கின்றன. இந்த மாற்றம் கெல்லி பார்ன்ஸ் அணைக்கு மட்டும் உரியதன்று. மூலப்பயனை இழந்து பொழுதுபோக்கு ஏரிகளாக மாறிய பல அணைகளுக்கும் இது பொதுவானது.

அமைப்பு

உடையும் காலத்தில் அணையின் அளவுகள் பின்வருமாறு இருந்தன.

- உயரம்: ஏறத்தாழ 38 அடி (11.6 மீட்டர்)
- நீளம்: ஏறத்தாழ 400 அடி (122 மீட்டர்)
- கரை உச்சியின் அகலம்: ஏறத்தாழ 20 அடி (6 மீட்டர்)
- ஏரியின் பரப்பு: ஏறத்தாழ 40 ஏக்கர் (16 எக்டேர்)
- உடைந்தபோது தேங்கியிருந்த நீர்: ஏறத்தாழ 630 ஏக்கர்-அடி (2.74 கோடி கன அடி)

அணையின் கீழ்ப்புறச் சாய்வு ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என்ற வீதத்தில், அதாவது சுமார் 45 பாகையில் இருந்தது. மண் அணைகளின் கீழ்ப்புறச் சாய்வு வழக்கமாக ஓர் அடி உயரத்திற்கு இரண்டு அடி அல்லது அதற்கு மேற்பட்ட கிடைநீளம் இருக்குமாறு அமைக்கப்படும். ஈரமான மண்ணுக்கு 45 பாகைச் சாய்வு மிகவும் செங்குத்தானது. மேலும் இச்சாய்வில் மரங்கள் அடர்ந்து வளர்ந்திருந்தன.

உடைவு

1977 நவம்பர் மாதத்தின் முதல் வாரத்தில் டொக்கோவா பகுதியில் தொடர்ந்து மழை பெய்தது. நவம்பர் 2 முதல் 5 வரையிலான நாட்களில் ஏறத்தாழ 7 அங்குலம் (178 மில்லிமீட்டர்) மழை பதிவானது. இதில் பாதியளவு, நவம்பர் 5 மாலை 6 மணிக்கும் நள்ளிரவிற்கும் இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் பெய்தது. ஏரியின் நீர்மட்டம் உயர்ந்தது. அணை உடைவதற்குச் சில மணி நேரத்திற்கு முன்னர் தன்னார்வத் தீயணைப்பு வீரர் ஒருவர் அணையைப் பார்வையிட்டு, ஆபத்திற்கான அறிகுறி ஏதும் காணாமல் திரும்பியதாகக் கூறப்படுகிறது.

நவம்பர் 6 அதிகாலை 1:30 மணியளவில் அணை உடைந்தது. அணையின் அடிவாரத்தில் உச்ச நீரோட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 24,000 கன அடி (680 கன மீட்டர்) இருந்திருக்கும் என அமெரிக்க நிலவியல் ஆய்வகம் மதிப்பிட்டது. தேங்கியிருந்த நீர் முழுவதும் இதே வீதத்தில் வெளியேறினால் ஏரி சுமார் 19 நிமிடங்களில் வற்றிவிடும். உண்மையில் உடைப்பின் தொடக்கத்திலும் இறுதியிலும் நீரோட்டம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆயினும் சிறிய ஏரி ஒன்று எவ்வளவு குறுகிய நேரத்தில் பெருவெள்ளமாக மாறக்கூடும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

வெள்ளம் அருவியின் மேலிருந்து பள்ளத்தாக்கில் இறங்கிக் கல்லூரி வளாகத்தைத் தாக்கியது. பெரும்பாலானோர் உறக்கத்தில் இருந்தனர். 39 பேர் உயிரிழந்தது தவிர, ஏறத்தாழ 60 பேர் காயமடைந்தனர். ஒன்பது வீடுகளும், 18 டிரெய்லர் வீடுகளும், இரண்டு கல்லூரிக் கட்டிடங்களும், பல ஊர்திகளும் அழிந்தன. மேலும் ஐந்து வீடுகளும் ஐந்து கல்லூரிக் கட்டிடங்களும் சேதமடைந்தன. டொக்கோவா நகரின் குடிநீர் சில நாட்களுக்கு மாசடைந்திருந்தது. சேதத்தின் மதிப்பு ஏறத்தாழ 28 லட்சம் டாலர் எனக் கணக்கிடப்பட்டது.

காரணங்கள்

விபத்தை ஆராய்வதற்கு நடுவண் அரசின் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அணை உடைந்தபோது அதன் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டதால், ஒரே ஒரு காரணத்தை உறுதியாகக் குறிப்பிட அக்குழுவினால் இயலவில்லை. பல காரணிகள் சேர்ந்தே உடைவிற்கு வழிவகுத்தன என்பது குழுவின் முடிவு. குழு மிகவும் சாத்தியமானதாகக் கருதிய நிகழ்வு வரிசை பின்வருமாறு:

1. செங்குத்தான கீழ்ப்புறச் சாய்வின் ஒரு பகுதியில் மண்சரிவு ஏற்பட்டது. இதற்கு உள்ளரிப்பும் துணைசெய்திருக்கலாம்.
2. அதனால் கரை உச்சியின் ஒரு பகுதி தாழ்ந்து உடைப்பு ஏற்பட்டது.
3. உடைப்பின் வழியே பாய்ந்த நீர் மண்ணைத் தொடர்ந்து அரித்தது. கீழ்ப்புறக் கரை நீரில் ஊறியது.
4. இறுதியில் அணை முழுவதும் சரிந்தது.

உள்ளரிப்பு என்பது மண் அணைகளுக்கே உரிய ஆபத்து ஆகும். எல்லா மண் அணைகளிலும் ஓரளவு நீர் கசியும். கசியும் நீர் தெளிவாகவும் சீராகவும் இருக்கும்வரை அது பொதுவாக ஆபத்தன்று. கசிவு நீர் மண் துகள்களை உடன் எடுத்துச் செல்லத் தொடங்கினால், கரையின் கீழ்ப்புறத்தில் சிறு துளை ஒன்று தோன்றுகிறது. துளை பெரிதாகுந்தோறும் நீரின் பாதை குறுகி வேகம் கூடுகிறது. வேகம் கூடுந்தோறும் மண் மேலும் அரிக்கப்படுகிறது. இவ்வாறு துளை கீழ்ப்புறத்திலிருந்து ஏரியை நோக்கிக் குழாய்போல் வளர்ந்து செல்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இறுதிக் கட்டம் வரை பெரிய மாற்றம் ஏதும் தெரியாமல் இருக்கலாம்.

அணையில் முன்னரே ஓர் எச்சரிக்கை இருந்தது. 1973 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்றில், கீழ்ப்புறச் சாய்வில் ஏறத்தாழ 12 அடி உயரமும் 30 அடி அகலமும் கொண்ட மண்சரிவு காணப்படுகிறது. அதாவது அணை உடைவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அதன் சாய்வு நிலையற்றது என்பது கண்ணுக்குத் தெரியும் வகையில் வெளிப்பட்டிருந்தது. அந்த அடையாளத்தைக் கண்டு பொருள் கொள்ளக்கூடிய பொறியாளர் ஒருவர் அணையை முறையாகப் பார்வையிடும் ஏற்பாடு அன்று இருக்கவில்லை. மழை இரவில் அணையைச் சென்று பார்த்தவர்க்கு, மரங்கள் அடர்ந்த சாய்வில் கசிவோ விரிசலோ தென்படுவது அரிது.

கண்காணிப்பில் இருந்த இடைவெளி

அணைகளைப் பற்றிய சட்டம் ஏதும் இல்லாத காலத்தில் இவ்விபத்து நடைபெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1972 பெப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக் பகுதியில் நிலக்கரிச் சுரங்கக் கழிவு அணை ஒன்று உடைந்து 125 பேர் இறந்தனர். அதே ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் தேசிய அணை ஆய்வுச் சட்டத்தை இயற்றியது. நாட்டிலுள்ள அணைகளைப் பட்டியலிட்டு ஆய்வு செய்யும் அதிகாரத்தை இச்சட்டம் இராணுவப் பொறியாளர் படைக்கு வழங்கியது. ஆனால் பட்டியலிடும் பணி மட்டுமே நடந்தது. ஆய்வுப் பணிக்கு நிதி ஒதுக்கப்படவில்லை.

1976 சூன் 5 அன்று ஐடஹோ மாநிலத்தில் நடுவண் அரசே கட்டிய டீட்டன் அணை முதன்முறை நிரம்பும்போதே உடைந்து 11 பேர் இறந்தனர். இதைத் தொடர்ந்து 1977 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், நடுவண் அரசு நிறுவனங்கள் தத்தம் அணைப் பாதுகாப்பு நடைமுறைகளை மீளாய்வு செய்யுமாறு பணித்தார். இந்த மீளாய்வு நடுவண் அரசு சார்ந்த அணைகளைப் பற்றியது. கல்லூரி ஒன்றுக்குச் சொந்தமான ஏரியின் கரை அதன் எல்லைக்குள் வரவில்லை. ஜார்ஜியாவிலும் தனியார் அணைகளின் பாதுகாப்பிற்கென மாநிலச் சட்டம் அப்போது இருக்கவில்லை. இவ்வாறு நாட்டில் சட்டம் இருந்தும், அணை எவருடைய ஆய்வுக்கும் உட்படாமல் இருந்தது.

பின்விளைவுகள்

கார்ட்டர் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்தவர். 1971 முதல் 1975 வரை அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். விபத்திற்குப் பின் அவருடைய மனைவி ரோசலின் கார்ட்டர் கல்லூரிக்கு நேரில் சென்றார். சில வாரங்களுக்குள், நடுவண் அரசுக்குச் சொந்தமில்லாத அணைகளுள் அதிகத் தீங்கு விளைவிக்கக்கூடியவற்றை ஆய்வு செய்யுமாறு இராணுவப் பொறியாளர் படைக்குக் கார்ட்டர் உத்தரவிட்டார். 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆய்வுப் பகுதி இவ்வாறு ஐந்து ஆண்டுகள் கழித்தே செயலுக்கு வந்தது.

இந்த ஆய்வுத் திட்டம் 1981 வரை நடைபெற்றது. ஏறத்தாழ 8,800 அணைகள் ஆய்வு செய்யப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 2,900, அதாவது மூன்றில் ஒரு பங்கு, பாதுகாப்பற்றவை எனக் கண்டறியப்பட்டன. மிகைநீரை வெளியேற்றும் கலிங்குகள் போதிய கொள்ளளவு இல்லாமல் இருந்ததே இவற்றில் பெரும்பாலானவற்றின் குறையாகும்.

இதே காலத்திலும் இதன் பின்னரும் எடுக்கப்பட்ட முக்கிய நடவடிக்கைகள்:

- 1978: ஜார்ஜியா மாநிலம் பாதுகாப்பான அணைகள் சட்டத்தை இயற்றியது. 25 அடி அல்லது அதற்கு மேற்பட்ட உயரமோ, 100 ஏக்கர்-அடி அல்லது அதற்கு மேற்பட்ட கொள்ளளவோ உள்ள அணைகள் இதன் வரம்பிற்குள் வந்தன. உடைந்தால் உயிரிழப்பு நேரக்கூடியவை முதல் வகை எனவும், ஏனையவை இரண்டாம் வகை எனவும் பிரிக்கப்பட்டன.
- 1979: நடுவண் அரசின் அணைப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள் வெளியிடப்பட்டன. அதே ஆண்டில் நிறுவப்பட்ட நடுவண் அவசரநிலை மேலாண்மை முகமையிடம் ஒருங்கிணைப்புப் பணி வழங்கப்பட்டது.
- 1980களின் தொடக்கம்: மாநிலங்களின் அணைப் பாதுகாப்பு அதிகாரிகள் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர்.
- 1996: தேசிய அணைப் பாதுகாப்புத் திட்டம் சட்டமாக்கப்பட்டது. மாநிலங்களின் கண்காணிப்புப் பணிக்கு இதன்வழி நிதியுதவி கிடைத்தது.

தீங்கு வகைப்பாடு

அமெரிக்காவில் அணைகள் அதிகத் தீங்கு, குறிப்பிடத்தக்க தீங்கு, குறைந்த தீங்கு என மூன்றாக வகைப்படுத்தப்படுகின்றன. இவ்வகைப்பாடு பலவேளைகளில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அதிகத் தீங்கு என்று குறிக்கப்பட்ட அணை பழுதடைந்த அணை என்று பொருளன்று. அந்த அணை உடைந்தால் உயிரிழப்பு நேரக்கூடும் என்பதே பொருள். மிக நல்ல நிலையில் உள்ள அணையும் அதிகத் தீங்கு வகையில் இருக்கலாம். மிக மோசமான நிலையில் உள்ள அணை, அதன் கீழே வெறும் காடு மட்டும் இருப்பின், குறைந்த தீங்கு வகையில் இருக்கலாம்.

ஆகவே அணையில் ஒரு கல்கூட மாறாமல் அதன் வகை மாறக்கூடும். ஆளில்லாத பள்ளத்தாக்கின் மேல் கட்டப்பட்ட அணையின் கீழ் பிற்காலத்தில் வீடுகள் வந்தால், அது அதிகத் தீங்கு வகைக்கு மாற்றப்பட வேண்டும். அப்போது அதன் கலிங்கும் சாய்வும் கூடுதல் கண்டிப்பான அளவுகோலுக்கு உட்படும். இதற்கான செலவு, வீடு கட்டியவர்களை விடுத்துப் பெரும்பாலும் அணையின் உரிமையாளரையே சேர்கிறது. சிறு ஏரிகளின் உரிமையாளர்களுக்கும் ஒழுங்குமுறை அலுவலர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

சிறு மண் அணைகளின் ஆய்வு

சிறு மண் அணைகளை ஆய்வு செய்வோர் பொதுவாகப் பின்வருவனவற்றைக் கவனிப்பர்.

- கசிவு: கீழ்ப்புறச் சாய்விலும் அடிவாரத்திலும் ஈரமான இடங்கள் உள்ளனவா, கசியும் நீர் கலங்கலாக உள்ளதா, முந்தைய ஆய்வைவிட அளவு கூடியுள்ளதா என்பன.
- சாய்வு: மண்சரிவு, விரிசல், புடைப்பு ஆகியவற்றின் அடையாளங்கள்.
- கரை உச்சி: ஏதேனும் ஓரிடம் தாழ்ந்துள்ளதா என்பது. வெள்ளக் காலத்தில் நீர் முதலில் அவ்விடத்திலேயே வழியும்.
- மரங்களும் வளை தோண்டும் விலங்குகளும்: மரம் பட்டுப்போனால் அதன் வேர் அழுகிய இடம் நீர் செல்லும் வழியாகலாம். காற்றில் வேரோடு சாயும் மரம் கரையின் ஒரு பகுதியைப் பெயர்த்துச் செல்லும். அடர்ந்த புதர்கள் மற்றக் குறைகளை மறைத்துவிடும்.
- கலிங்கு: மரக்கிளைகளாலும் குப்பைகளாலும் அடைபட்டுள்ளதா என்பது.
- குழாய்கள்: கரையினூடே செல்லும் பழைய குழாய்கள் துருப்பிடித்துள்ளனவா, அவற்றின் வெளிப்புறத்தை ஒட்டி நீர் கசிகிறதா என்பன.

இவற்றுடன், அதிகத் தீங்கு வகை அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டம் ஒன்றும் இருத்தல் வேண்டும் எனப் பல மாநிலங்கள் விதித்துள்ளன. அணை உடைந்தால் நீர் சூழும் பகுதியின் வரைபடம், எந்த நீர்மட்டத்தில் யார் யாருக்குத் தெரிவிப்பது, மக்களை எவ்வழியே வெளியேற்றுவது ஆகியவை அதில் இடம்பெறும். டொக்கோவாவில் மழை பெய்த அந்த மாலையில், ஏரி நிரம்பும்போதே வளாகத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று முன்கூட்டியே வகுக்கப்பட்ட விதி ஒன்று இருந்திருந்தால், அணையைக் காக்க இயலாவிடினும் உயிர்களைக் காத்திருக்கலாம்.

ஒப்பிடத்தக்க நிகழ்வுகள்

பென்சில்வேனியா மாநிலத்தின் சவுத் ஃபோர்க் அணை 1853 இல் கால்வாய் ஒன்றுக்கு நீர் வழங்குவதற்காகக் கட்டி முடிக்கப்பட்டது. பின்னர் அதன் தேவை நீங்கி, செல்வந்தர்களின் மீன்பிடிச் சங்கம் ஒன்றின் ஏரியாக மாறியது. ஏரியைத் தாழ்த்துவதற்கான அடிக் குழாய்கள் அதற்கு முன்பே அகற்றப்பட்டிருந்தன. சங்கத்தின் காலத்தில் கரை உச்சி தாழ்த்தப்பட்டது. மீன்கள் தப்பாமலிருக்கக் கலிங்கில் வலைத்தடுப்பும் வைக்கப்பட்டது. 1889 மே 31 அன்று இவ்வணை உடைந்து, ஜான்ஸ்டவுன் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 2,200 க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

மிச்சிகன் மாநிலத்தின் ஈடன்வில் அணை 1920களில் நீர்மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்ட மண் அணை ஆகும். அதன் ஏரியைச் சுற்றிப் பிற்காலத்தில் வீடுகளும் படகுத் துறைகளும் பெருகின. வெள்ளத்தை வெளியேற்றும் திறன் போதாமல் இருந்ததை உரிமையாளர் சரிசெய்யவில்லை எனக் கூறி, நடுவண் அரசின் ஆணையம் 2018 இல் மின் உற்பத்தி உரிமத்தை நீக்கியது. அதனால் மின் உற்பத்தி நின்றதுடன், கண்காணிப்புப் பொறுப்பு மாநில அரசிற்கு மாறியது. குறை நீங்கவில்லை. 2020 மே 19 அன்று அணை உடைந்தது. ஏறத்தாழ 10,000 பேர் முன்னதாக வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு ஏற்படவில்லை.

அணையின் பயன்பாடு மாறுவதும், அதன் பின்னர் குறைகள் சரிசெய்யப்படாமல் போவதும் மூன்று நிகழ்வுகளிலும் காணப்படுகின்றன. மக்களுக்கு முன்னரே எச்சரிக்கை சென்று சேர்ந்ததா என்பதே உயிரிழப்பில் பெரும் வேறுபாட்டை ஏற்படுத்தியது.

இன்றைய நிலை

கெல்லி பார்ன்ஸ் அணை மீண்டும் கட்டப்படவில்லை. டொக்கோவா ஓடை தற்போது தடையின்றி அருவியை அடைகின்றது. உயிரிழந்தோர் நினைவாகக் கல்லூரி வளாகத்தில் அருவியின் அருகே நினைவுச் சின்னம் ஒன்று நிறுவப்பட்டுள்ளது.

அமெரிக்காவின் தேசிய அணைப் பட்டியலில் 90,000 க்கும் மேற்பட்ட அணைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மண் அணைகள். பாதிக்கு மேற்பட்டவை தனியாருக்குச் சொந்தமானவை. முதன்மைப் பயனாக அதிக எண்ணிக்கையில் குறிக்கப்பட்டிருப்பது பொழுதுபோக்கு ஆகும்.